நெட் பார்க்கலாம் என்று சொன்ன சுற்றில் விடை பிடிப்பது எப்படி?

மாலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் இருபது கேள்வி விழும். எட்டு மணிக்குள் விடை போய்ச் சேர வேண்டும். நெட் பார்க்கலாம், தடை இல்லை. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் மெட்ராஸ் டே சமயத்திலோ பொங்கல் போட்டியிலோ இப்படி ஒரு சுற்று வந்தால், 'கூகுள்தான் இருக்கே' என்று பலரும் அலட்சியமாக உட்காருகிறார்கள். கேள்வி போடுகிறவரிடமும் அதே கூகுள் இருக்கிறது. கேள்வியை அப்படியே ஒட்டினால் முதலில் எது வரும் என்று பார்த்துவிட்டு, அது விடையாக இருக்காதபடிதான் அவர் கேள்வியைச் செதுக்குவார்.

ஆகவே கேள்வியைத் தேடக் கூடாது. விடை எந்த மாதிரிப் பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தை எழுதியவர் என்னென்ன சொல் போட்டிருப்பார் என்று ஊகித்து, அந்தச் சொற்களைத் தேட வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு வேலையைச் செய்யும் வழிகள்தான்.

கேள்வியை உடைப்பது

கடினமான கேள்வி என்பது பெரும்பாலும் இரண்டு சுலபமான கேள்விகளை ஒட்டுப் போட்டது. '1914இல் சென்னை மீது குண்டு போட்ட கப்பல் கடைசியில் எந்தத் தீவுக்கூட்டம் அருகே அழிந்தது?' என்று ஒரு கேள்வி. இதை முழுசாக ஒட்டினால் துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதையே திரும்பத் திரும்ப வரும். இரண்டாகப் பிரியுங்கள். முதல் தேடலில் கப்பலின் பெயர் மட்டும் வேண்டும்: எம்டன், 1914 செப்டம்பர் 22. இரண்டாவது தேடலில் 'சென்னை' என்ற சொல்லே இருக்கக் கூடாது. அது இருந்தால் மறுபடி அதே கதைதான். எம்டன் என்ற பெயரோடு நவம்பர் 1914, ஆஸ்திரேலியக் கடற்படை என்று ஆங்கிலத்தில் தட்டினால் கோகோஸ் தீவுகளும், சிட்னி என்ற போர்க்கப்பலும், நவம்பர் 9 என்ற தேதியும் உடனே வந்துவிடும். கூடவே இன்னொன்றும் தெரியவரும்: அடிபட்ட கப்பலை அதன் தளபதியே கரையில் தரைதட்ட வைத்தார். கேள்வியில் 'எங்கே மூழ்கியது' என்று இருந்தால் கேள்வியே பிசகு. அதை விடையோடு சேர்த்துக் குறிப்பிட்டு அனுப்புவது நல்லது.

தேட ஆரம்பிக்கும் முன் பேப்பரில் இரண்டு விஷயம் குறியுங்கள். விடை என்ன வகை: ஆளா, இடமா, வருடமா, எண்ணா? கேள்வியில் எந்தச் சொல்லை எடுத்தால் விடை மாறிவிடும்? 'வடசென்னையில் கம்பீரமாக நிற்கும்' என்பது அலங்காரம், தூக்கிப் போடலாம். 'பயணிகள்', 'இன்னும் இயங்கும்', 'தென்னிந்தியாவின்' போன்ற சொற்கள்தான் கேள்வியின் பூட்டு. அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவதால் போகும் மதிப்பெண், தேடத் தெரியாததால் போவதைவிட அதிகம்.

பெட்டியில் என்ன தட்டுவது

மூன்று முதல் ஆறு சொல் போதும். கூகுள் 32 சொல்லுக்கு மேல் படிக்காது. ஆனால் அந்த எல்லைக்கு வெகு முன்பே நீளமான தேடல் நீர்த்துப்போகிறது.

'ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனை யார் பெயரால் அழைக்கப்படுகிறது?' என்ற கேள்விக்கு 'ஸ்டான்லி யார்' என்று தட்டுகிறவருக்கு ஆப்பிரிக்காவில் சுற்றிய பயணி ஹென்றி ஸ்டான்லிதான் வந்து நிற்பார். விடை எங்கே எழுதப்பட்டிருக்கும் என்று யோசியுங்கள். அந்தக் காலத்தில் சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு வெள்ளைக்காரர் பெயர் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது சென்னை மாகாண கவர்னர்களின் பட்டியல். 'மெட்ராஸ் கவர்னர் ஸ்டான்லி' என்று மூன்று சொல் ஆங்கிலத்தில் தட்டினால் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி வந்துவிடுவார், கவர்னராக இருந்த காலம் 1929 முதல் 1934 வரை. பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் இதே பட்டியல்தான் திறவுகோல்: 1875 முதல் 1880 வரை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் சாண்டோஸ் பிரபு. இந்த மாதிரிப் பட்டியல் பக்கங்கள் நான்கைந்தை முன்கூட்டியே சேமித்து வையுங்கள்: கவர்னர்கள், முதலமைச்சர்கள், மேயர்கள், அர்ஜுனா விருது பெற்றவர்கள், ரயில்வேயின் திறப்பு தேதிகள்.

இனி குறிகள். எல்லாமே ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டியவை, இங்கே உச்சரிப்பு மட்டும் தமிழில்.

இரட்டை மேற்கோள்: உள்ளே போட்ட சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கம் மட்டும் வரும். இதில் ஒரு பொறி இருக்கிறது. அப்படி ஒரு பக்கமும் இல்லையென்றால் கூகுள் மேற்கோளைக் கழற்றிவிட்டு வேறு முடிவுகளைக் காட்டும். 'முடிவு எதுவும் இல்லை' என்று மேலே சின்னதாக ஒரு வரி இருக்கும். அதைப் பார்க்காமல் கீழே இருப்பதை நம்பிவிடுவார்கள்.

கழித்தல் குறி: வேண்டாத சொல்லை ஒதுக்க. குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி, பின்னால் இடைவெளி கூடாது. பக்கிங்ஹாம் என்று தட்டியதும் லண்டன் அரண்மனை வந்து குவிந்தால், கழித்தல் போட்டு 'பேலஸ்' என்று சேர்த்தால் கால்வாயும் பெரம்பூர் மில்லும் மேலே வரும்.

'சைட்' என்று எழுதி முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் ஒரு தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். முழு முகவரி வேண்டியதில்லை. இந்திய அரசுத் தளங்கள் மட்டும் போதும் என்றால் 'ஜிஓவி புள்ளி இன்' என்ற வால் போதும். 'ஃபைல்டைப்' முக்காற்புள்ளி 'பிடிஎஃப்' என்றால் ஆண்டறிக்கை, அரசிதழ், ஆய்வேடு போன்றவை மேலே வரும். ஒரே கதையை நூறு இடத்தில் ஒட்டும் தளங்கள் இதில் பெரும்பாலும் கழிந்துவிடும் என்பதால், வரலாற்றுக் கேள்விக்கு இது கை கொடுக்கும்.

'பிஃபோர்', 'ஆஃப்டர்' இரண்டும் காலத்துக்கு. முக்காற்புள்ளி வைத்து வருடத்தையோ முழுத் தேதியையோ ஒட்ட வேண்டும். மெட்ரோ கேள்விகளுக்கு இது இல்லாமல் ஆகாது. வண்ணாரப்பேட்டை வரை ரயில் வந்தது 2019 பிப்ரவரி 10, அங்கிருந்து விம்கோ நகர் வரை நீண்டது 2021 பிப்ரவரி 14. சும்மா தேடினால் 'விரைவில் திறப்பு' என்று அதற்கு முந்தைய வருடங்களில் வந்த செய்திகள் கூட்டமாக வரும், அவற்றில் ஆளுக்கொரு தேதி இருக்கும். 'ஆஃப்டர்' போட்டு 2021-02-13 என்று முழுத் தேதி கொடுத்தால் பெரும்பாலும் நடந்து முடிந்த செய்தி மட்டும் மிஞ்சும். பக்கத்துக்குக் கூகுள் கொடுக்கும் தேதி எப்போதும் சரியல்ல. பழைய செய்தியைத் தளம் மறுபடி பதிப்பித்தால் புதுத் தேதி விழுந்துவிடும்.

மீதிக் குறிகள் அவ்வளவு அடிக்கடி தேவைப்படாது. இரண்டு எண்ணுக்கு நடுவே இரண்டு புள்ளி வைத்தால் அந்த இடைவெளிக்குள் வரும் எண்களைத் தேடும், 1850..1860 என்பதுபோல. மேற்கோளுக்குள் மறந்துபோன சொல்லின் இடத்தில் நட்சத்திரம் வைக்கலாம். 'ஆர்' என்பதைப் பெரிய எழுத்தில் தட்டினால் இதுவோ அதுவோ என்று பொருள். கம்ப்யூட்டரில் 'டூல்ஸ்' பட்டனுக்குள் 'வெர்பேட்டிம்' என்று ஒன்று உண்டு. நீங்கள் தட்டிய சொல்லைக் கூகுள் தன்னிஷ்டத்துக்குத் திருத்துவதை அது நிறுத்தும். பக்கத்தின் சேமித்த பிரதியைக் காட்டும் 'கேஷ்' என்ற குறியைப் பழைய வழிகாட்டிகளில் பார்க்கலாம். அது 2024இல் போய்விட்டது, அதற்குப் பதில் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளம்தான்.

கூகுளில் இரண்டு முயற்சியில் கிடைக்கவில்லை என்றால் அதே சொற்களைப் பிங் என்ற தேடுபொறியில் போடுங்கள். அங்கே வரிசை வேறு. சொற்களை மாற்றுவதைவிட இயந்திரத்தை மாற்றுவது சில சமயம் வேகம்.

தமிழில் தேடும்போது

ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் ஊர்க் கேள்விகளில் பாதி இங்கேதான் சிக்கும்.

வேற்றுமை உருபு முதல் சிக்கல். "ராயபுரம்" என்று மேற்கோளில் போட்டால், 'ராயபுரத்தில்', 'ராயபுரத்திலிருந்து', 'ராயபுரத்தின்' என்று மட்டும் எழுதியிருக்கும் பக்கங்கள் தப்பிவிடும். மகரத்தில் முடியும் ஊர்ப் பெயருக்கெல்லாம் இதே கதி: பெரம்பூரில் பிரச்சினை குறைவு, ராயபுரத்தில் அதிகம். ஆகவே தமிழில் ஊர்ப் பெயரை மேற்கோளுக்குள் தனியாகப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு வடிவத்தையும் நடுவில் 'ஆர்' வைத்துப் போடுங்கள்.

ஒற்று, இடைவெளி அடுத்தது. வண்ணாரப்பேட்டை, வண்ணாரபேட்டை, வண்ணாரப் பேட்டை என்று மூன்று விதமாகவும் பக்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இன்னும் மோசம், 'வாஷர்மேன்' என்றும் 'வாஷர்மென்' என்றும் அரசுப் பலகைகளே மாறி மாறிச் சொல்லும். ஆள் பெயர் என்றால் எழுத்துக்கூட்டல் இன்னும் விரியும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புதுவண்ணாரப்பேட்டை வீராங்கனை காசிமாவை ஆங்கிலப் பத்திரிகைகள் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டலில் எழுதின. பெயரை விட்டுவிட்டு 'கேரம் உலகக் கோப்பை 2024 தங்கம்' என்று நிகழ்ச்சியைத் தேடினால் எல்லா எழுத்துக்கூட்டலும் ஒரே இடத்தில் கிடைக்கும். பெயர் தகராறு செய்தால் நிகழ்ச்சியைப் பிடியுங்கள்.

பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியாத தொல்லை. யூனிகோடுக்கு முந்தைய தளங்களும், வானவில் மாதிரி எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கிய அரசு ஆவணங்களும் திரையில் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கோ அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். தமிழ்ச் சொல் போட்டு ஆயுசுக்கும் அவை வராது. அரசாணை என்றால் ஆணை எண், தேதி, துறையின் ஆங்கிலப் பெயர் இவற்றால் தேடுங்கள். ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களிலும் உள்ளெழுத்து தேடலில் விழாது என்றே வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தின் பெயரால் பிடித்து, பொருளடக்கத்தைப் பார்த்து, பக்கத்தைக் கண்ணால் புரட்ட வேண்டியதுதான். ஒரு மணி நேரப் போட்டியில் இதற்கு நேரம் இருக்காது. ஒரு வாரக் கெடு உள்ள போட்டியில் வெற்றி பெறுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் அதற்கான இடங்கள். சங்கப் பாட்டு, திருமுறை, பிரபந்தம் என்றால் 'புராஜெக்ட் மதுரை' எனப்படும் மதுரைத் திட்டத்தின் தளம். அது தட்டச்சு செய்த எழுத்து, அதனால் பக்கத்துக்குள் தேடலாம். ஆனால் சந்தி பிரித்ததும் பிரிக்காததுமாக இருக்கும் என்பதால் முழு அடி போடாமல், உருபு ஏறாத ஒரே ஒரு அரிய சொல்லைப் போடுங்கள்.

பழைய பத்திரிகை, கல்வெட்டு சார்ந்த கேள்வியில் தமிழ் வருடப் பெயர் வரும். சுற்று அறுபது வருடத்துக்கு ஒன்று என்பதால் பெயர் மட்டும் போதாது, நூற்றாண்டு தெரிய வேண்டும். துன்மதி என்றால் 1921–22 ஆகவும் இருக்கலாம், 1981–82 ஆகவும் இருக்கலாம்.

எந்தக் கேள்விக்கு எந்த மொழி? ஊர்க் கோயில், சினிமாப் பாட்டு, உள்ளூர் அரசியல் என்றால் தமிழ் முதலில். ரயில்வே, துறைமுகம், ராணுவம், மில், அறிவியல் என்றால் ஆங்கிலம் முதலில், ஏனென்றால் மூல ஆவணமே ஆங்கிலத்தில்தான். எம்டன் போன்ற ஜெர்மன் கப்பலுக்கு ஜெர்மன் விக்கிப்பீடியாவைத் திறந்து மொழிபெயர்ப்பு பட்டனை அழுத்தினால், மற்ற மொழிகளில் இல்லாத விவரமும் கிடைக்க வாய்ப்புண்டு.

'முதல்' என்று வந்தால் எச்சரிக்கை

கேள்வி போடுகிறவர்களுக்கு மிகப் பிடித்த சொல் இது. ரயிலையே எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கத்து வாலாஜா சாலை நிலையத்துக்கு 1856இல் ஓடியது. ஜூன் 28 என்று சில பக்கங்கள், ஜூலை 1 என்று சில. கவர்னர் ஹாரிஸ் முன்னிலையில் திறப்பு விழா ஜூனில், பொதுமக்களுக்குச் சேவை ஜூலையில். இரண்டும் சரி, கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். 'இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம்' என்று உள்ளூர் ஆர்வத்தில் எழுதியிருக்கும் பக்கங்களும் உண்டு; அது தவறு. பம்பாயிலிருந்து தாணேவுக்கு 1853 ஏப்ரல் 16இலேயே பயணிகள் ரயில் ஓடிவிட்டது. ராயபுரத்தின் உண்மையான பெருமை வேறு: இன்னும் இயங்குகிற நிலையங்களில் நாட்டின் மிகப் பழைய கட்டடம் அது. இதற்கெல்லாம் மேல் 'இந்தியாவின் முதல் ரயில்பாதை' என்று பயணிகள் என்ற சொல் இல்லாமல் கேட்டால், 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சாலை போடக் கல் ஏற்றி வந்த பாதை உள்ளே வந்துவிடும். ஒரே ஒரு சொல்லால் விடை மும்பைக்கும் வடசென்னைக்கும் மாறுகிறது.

சினிமாவும் அப்படித்தான். 'முதல் தமிழ்ப் படம்' என்றால் நடராஜ முதலியாரின் ஊமைப்படம் கீசக வதம். அதன் வருடத்தை 1916, 1917, 1918 என்று பக்கத்துக்குப் பக்கம் வேறாகச் சொல்வார்கள். 'முதல் தமிழ்ப் பேசும் படம்' என்றால் 1931 அக்டோபர் 31இல் மின்ட் தெரு கினிமா சென்ட்ரலில் வெளியான காளிதாஸ். அதிலும் தெலுங்கு வசனம் கலந்திருந்ததால், 'முழுக்கத் தமிழிலேயே பேசிய முதல் படம்' என்பது இன்னொரு கேள்வி. வருடம் தகராறில் உள்ள கேள்வி வந்தால் பெயரை விடையாகவும், வருடங்களை அடைப்புக்குள் குறிப்பாகவும் கொடுங்கள்.

எண்களில் வேறு வகைக் குழி. சென்னை மாநகராட்சியில் எத்தனை வார்டு என்று கேட்டால் பழைய பக்கம் 155 என்னும். 2011இல் திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் சேர்ந்த பிறகு 200. பரப்பு 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கில் சென்னைக்கு உள்ள 46,46,732 என்ற எண் விரிவுக்கு முந்தைய எல்லைக்கானது. புதுப் பரப்பையும் பழைய மக்கள்தொகையையும் வகுத்து 'அடர்த்தி' சொல்லும் பக்கங்கள் நிறைய. எண் எந்த எல்லைக்கு, எந்த வருடத்துக்கு என்று இரண்டும் தெரியாமல் எழுதாதீர்கள். பெயர் மாற்றமும் இதே ரகம்: எண்ணூர் துறைமுகம் 2014 முதல் காமராஜர் துறைமுகம், ஆக அதற்கு முந்தைய செய்தியைக் காமராஜர் பெயரில் தேடினால் வராது.

படமும் பாட்டும்

படக் கேள்விக்குக் கூகுள் லென்ஸ். முழுப் படத்தைக் கொடுத்தால் அது மரத்தையும் ஆட்டோவையும் பார்த்துக் குழம்பும். தூண், கோபுர முனை, கல்வெட்டுப் பலகை என்று ஒரே ஒரு அம்சத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள். பிறகு அதோடு ஒன்றிரண்டு சொல்லும் சேர்க்கலாம். ராயபுரம் பார்சிக் கோயிலின் முகப்பை மட்டும் கொடுத்தால் 'பழைய பங்களா' மாதிரி முடிவுகள் வரக்கூடும். 'சென்னை வழிபாட்டிடம்' என்று சேர்த்தால் வட்டம் சுருங்கும். லென்ஸ் ஒத்த படங்களைக் காட்டும், அதே படத்தின் பழைய பிரதியைத் தேட டின்ஐ என்ற படத்தேடல் தளம் பொருத்தம், வரிசையை 'மிகப் பழையது' என்று மாற்றினால் படம் முதலில் எங்கே வந்தது என்பதற்குத் துப்பு கிடைக்கும்.

ஒன்றும் சிக்கவில்லை என்றால் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். கேள்வி போடுகிறவர்கள் தேடுபொறியை ஏமாற்ற இப்படித் திருப்பிப் போடுவது உண்டு. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடினால், ஆண் சட்டையின் பட்டன் தலைகீழ்ப் பக்கம் இருந்தால், எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இருந்தால் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். போன் கேலரியிலேயே திருப்பும் பட்டன் உண்டு. தெரு என்று தெரிந்துவிட்டால் கூகுள் மேப்பின் ஸ்ட்ரீட் வியூவில் நின்று ஒப்பிடலாம். சில இடங்களில் சில வருடத்துக்கு முந்தைய படங்களுக்கும் அதில் போகலாம்.

பாட்டுக்கு: கூகுள் ஆப்பில் மைக்கை அழுத்தி 'பாட்டைத் தேடு' என்பதைத் தொட்டு பத்துப் பதினைந்து நொடி முணுமுணுத்தால் போதும். சரணத்தைவிடப் பல்லவி நன்றாகப் பிடிபடும். வரிகளைத் தட்டித் தேடினால், வரிகளை ஏற்றியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதை நினைவில் வையுங்கள். பாடலாசிரியர் பெயருக்கு அந்தப் பக்கங்களை நம்ப வேண்டாம், படத்தின் டைட்டில் கார்டை யூடியூபில் ஓட்டிப் பார்ப்பது நிச்சயம். அதிலும் பல கவிஞர்கள் எழுதிய படமென்றால் கார்டு எல்லாப் பெயரையும் ஒன்றாகத்தான் காட்டும், எந்தப் பாட்டு யாருடையது என்று சொல்லாது. அங்கே பழைய இசைத்தட்டின் உறைப்படத்தைத் தேட வேண்டும்.

மேலே வரும் தயார் பதில்

இப்போது தேடியதும் ஏஐ எழுதிய பத்தி ஒன்று உச்சியில் வருகிறது. வினாடி வினாவுக்கு அது துப்பு தரும் ஆள், சாட்சி இல்லை. 'எம்டன் மாதிரி வேறு எந்தக் கப்பல்கள் துறைமுகங்களைத் தாக்கின' என்று கேட்டு நான்கைந்து பெயரை வாங்கிக்கொள்ளலாம், அந்தப் பெயர்களை நீங்கள் தனியாகத் தேடிப் பார்க்க வேண்டும். சாட்பாட்டுகளும் அப்படியே. தேதி, எண், 'யார் சொன்னது' இந்த மூன்றிலும் அவை தயங்காமல் தவறாகச் சொல்லும், அதுவும் தமிழில் கேட்டால் கூடுதலாக. கேள்வியிலேயே தவறு இருந்தால் அதையும் ஆமோதித்துவிடும். 'ராயபுரம் இந்தியாவின் முதல் நிலையமானது எப்போது' என்று கேட்டால் வருடம் சொல்லிவிட்டுப் போகக்கூடும்.

பத்தியில் உள்ள இணைப்பை அழுத்தி, அந்தப் பக்கத்தில் விடை உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பக்கத்தையும் படிக்கத் தேவையில்லை. கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் எஃப், போனில் குரோமின் மூன்று புள்ளிக்குள் 'பக்கத்தில் தேடு'. அங்கே வருடத்தின் நான்கு இலக்கத்தைத் தட்டுங்கள், எழுத்துக்கூட்டல் தொல்லை எண்ணுக்குக் கிடையாது.

இரண்டாவது சாட்சி

விடையை ஒத்துக்கொள்ள இரண்டு இடம் வேண்டும், அந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையாக இருக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: சந்தேகமான வாக்கியத்தில் ஏழெட்டு சொல்லை மேற்கோளில் போட்டுத் தேடுங்கள். அதே வாக்கியம் பத்து தளத்தில் வந்தால் பத்தும் ஒரே சாட்சி. செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் இருந்து சென்னையைத் தாக்கினார் என்று தமிழ்ப் பக்கங்கள் பல சொல்லும், வாக்கியங்கள்கூட மாறாது. அவரது வாழ்க்கை வரலாறோ 1914இல் அவரை சூரிக்கிலும் பிறகு பெர்லினிலும் காட்டுகிறது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்ற கணக்கு எந்தத் தேடுபொறியும் போட்டுத் தராது.

விக்கிப்பீடியாவில் தகவல் இருந்தால் அடிக்குறிப்பைத் திறங்கள். அடிக்குறிப்பு இல்லாத வரி வெறும் துப்பு. அடிக்குறிப்பு காட்டும் செய்திக் கட்டுரை, விக்கியில் அந்த வரி ஏறிய தேதிக்குப் பிறகு வந்ததா என்றும் பாருங்கள். அப்படியானால் பத்திரிகை விக்கியைப் பார்த்து எழுதியிருக்கவும், விக்கி பத்திரிகையைச் சாட்சிக்கு அழைத்திருக்கவும் வாய்ப்புண்டு. 'வரலாற்றைக் காட்டவும்' என்ற பகுதியில் தேதி தெரியும்.

சில கேள்விகளில் இரண்டு சாட்சியும் நல்ல சாட்சியாக இருந்தும் வேறு வேறு சொல்லும். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 என்று அரசு நினைவு நாள், 12 என்று மாநகராட்சிப் பதிவு. காரணம், உயிர் பிரிந்தது நள்ளிரவுக்குப் பின், ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. விடியலில் நாள் மாறுவதாகக் கொள்ளும் நம் வழக்கப்படி அது 11, கடிகாரப்படி 12. இப்படிப்பட்ட இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டு, மற்றதையும் காரணத்தையும் ஒரே வரியில் சேர்த்துவிடுங்கள்.

நேரமும் குழுவும்

இருபது கேள்வி, அறுபது நிமிடம் என்றால் முதல் ஐந்து நிமிடம் யாரும் தேடக் கூடாது. எல்லாக் கேள்வியையும் படித்து ஆளுக்கு ஒதுக்குங்கள். ஒரு கேள்விக்கு முதல் சுற்றில் இரண்டு நிமிடம். கிடைக்கவில்லை என்றால் தேடிய சொற்களை எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டாவது சுற்றில் அந்தக் கேள்வி வேறு ஆளிடம் போக வேண்டும். ஒரே ஆள் ஒரே சொற்களைத்தான் மாற்றி மாற்றித் தட்டுவார். கடைசிப் பத்து நிமிடம் சரிபார்ப்புக்கு மட்டும், புதுத் தேடல் கிடையாது.

நான்கு பேர் இருந்தால் ஒருவர் தேடவே கூடாது. கூகுள் ஷீட்டில் கேள்வி எண், விடை, இணைப்பு, எத்தனை சாட்சி என்று நான்கு பத்தி போட்டு நிரப்புவது அவர் வேலை. இதைக் கேட்டதும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், ஆனால் ஆளில்லாத ஷீட்டில் ஏழாம் கேள்வியின் விடை எட்டில் போய் உட்காருவது வாடிக்கை.

விடை அனுப்பும்போது கேட்டதை மட்டும், கேட்ட வடிவத்தில் எழுதுங்கள். 'எந்த நிலையம்' என்றால் நிலையம், ஊர் அல்ல. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் வேண்டும், அதில் முகவரிப் பட்டியும் விடை உள்ள வரியும் ஒன்றாகத் தெரிய வேண்டும். தகராறு வரும் என்று தோன்றும் கேள்விக்கு வேபேக் மெஷினில் 'பக்கத்தைச் சேமி' பெட்டியில் முகவரியை ஒட்டி ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். சேமித்த நேரம் அதில் பதிவாகும், பிறகு யார் பக்கத்தைத் திருத்தினாலும் அந்தப் பிரதி மாறாது. முறையீடு செய்யும்போது குழுவில் நீளமாக வாதாட வேண்டாம். கேள்வி எண், உங்கள் விடை, சேமித்த இணைப்பு இந்த மூன்றையும் நடத்துகிறவருக்குத் தனியாக அனுப்புங்கள், முடிவு அறிவிக்கும் முன்பே.